சைக்கிளைக் கொடுங்கள், பின்னாலேயே போகாதீர்கள்

கேள்வி: மகனுக்கு 11 வயது. பள்ளிக்கூடம் ஒன்றரைக் கிலோமீட்டர். சைக்கிளில் தனியாகப் போகிறேன் என்கிறான். இதுவரை நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன். "ஒத்தப் புள்ளைய ரோட்டுல உட்டுப்போட்டு எப்படி இருப்பே?" என்கிறார் அவன் அப்பத்தா. விடலாமா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: விடலாங்க, ஆனால் நாளைக்கே அல்ல. எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது பத்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாக வராது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். பழக்கம்தான் பாக்கி.

முதலில் சைக்கிளைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். "வளர்ற புள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் ஊர்ச் சிக்கனம். கால் எட்டாத பையன் சட்டென்று நிற்க முடியாமல் சாய்வான். அடுத்து, மைதானத்தில் இரண்டு பயிற்சி: ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது, ஆடாமல் திரும்பிப் பார்ப்பது. இவை வரும்வரை மெயின் ரோடு வேண்டாம்.

முதல் வாரம் அவன் முன்னால், நீங்கள் பின்னால். சாலையைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். எப்போது கடப்பது என்று அவனே சொல்ல வேண்டும். "வா கண்ணு, இப்பப் போலாம்" என்று நீங்கள் சொன்னால், அவன் வண்டியைப் பார்க்க மாட்டான், உங்கள் வாயைத்தான் பார்ப்பான். நிற்கிற டவுன் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்கவே கூடாது; பஸ்ஸைத் தாண்டி வரும் பைக்காரருக்கு அவன் தெரிய மாட்டான். இரண்டாம் வாரம் கடக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். மூன்றாம் வாரம் வாசலோடு சரி.

காரியம் கெடுவது அந்த மூன்றாம் வாரத்தில்தான். பெற்றவர்கள் கொஞ்சம் தள்ளி, தெரியாமல் ஸ்கூட்டியில் பின்தொடர்வார்கள். பையன் பார்த்துவிட்டால் அவனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வரும். உங்கள் பயமும் குறையாது. நான் பின்னால் போனதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். ஏதாவது தடுமாறினால் அதே படியில் இன்னும் நாலு நாள் நிறுத்துங்கள், சைக்கிளைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

பஞ்சரானால் எந்தக் கடையில் விடுவது என்று முன்பே காட்டிவிடுங்கள். ஜாமெட்ரி பாக்ஸில் 50 ரூபாய் இருக்கட்டும். உங்கள் செல் நம்பரும், குழந்தைகள் உதவி எண் 1098-உம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். சாயங்காலம் வந்ததும் முதலில் அப்பத்தாவிடம் போய்ச் சொல்லட்டும். பாதிப் புலம்பல் அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி: ஒன்பது வயது மகள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகக் கேட்கிறாள். தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்துவிட்டோம்.
- ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: கிணறும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் நீச்சல் தெரியாமல் வளர்வதுதான் ஆபத்து. படி உள்ள கிணறாக இருக்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் கரையில் அல்ல, தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சுரைப்புருடையில் (மிதக்க முதுகில் கட்டும் காய்ந்த சுரைக்காய்க் குடுவை) விரிசல் இருக்கிறதா என்று தினமும் அமுக்கிப் பாருங்கள். அதை அக்குளுக்குக் கீழே, மேல்முதுகில் இறுக்கிக் கட்டுங்கள். கயிறு நழுவி இடுப்புக்கு வந்தால் இடுப்பு மிதக்கும், தலை முங்கும். பழகும் நாட்களில் வாய்க்கால் வேண்டவே வேண்டாம். ஓடுகிற தண்ணீர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும்.