மைசூரு பேராலயம்: பெர்த் முதல் படிக்கட்டு வரை

கே: அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. பாலக்கோட்டிலிருந்து மைசூரு பிலோமினா ஆலயத்துக்கு ரயிலில் போகலாமா?

போகலாம். தூத்துக்குடி–மைசூரு விரைவு ரயில் தருமபுரி, ஓசூர் வழியாகத்தான் போகிறது. ஆனால் தருமபுரிக்கு அது வருவது நடுராத்திரி தாண்டி. சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர் ஞாயிற்றுக்கிழமை தேதிக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். நீங்கள் ஏறும் நிலையத்துத் தேதிதான் கணக்கு. சனிக்கிழமை தேதி போட்டால், பிளாட்பாரத்துக்குப் போகும்போது உங்கள் ரயில் முந்தைய நாளே போயிருக்கும்.

கீழ் பெர்த்துக்கு இன்னொரு சங்கதி. மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு (ஆண் 60, பெண் 45 வயது முதல்) ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் வேலை செய்யும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அம்மாவுக்கு மேல் பெர்த் விழலாம். அவருக்குத் தனி டிக்கெட் எடுங்கள். வயதுக்கான கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கே: தம்பி சக்கர நாற்காலியில்தான் வருவான். சலுகை உண்டா? (காவேரிப்பட்டணம்)

உண்டு. துணையில்லாமல் பயணிக்க முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதம். துணைக்கு வருபவர் ஒருவருக்கும் அதே சலுகை. அரசு மருத்துவமனைச் சான்றிதழுடன் விண்ணப்பித்து, ரயில்வே தரும் புகைப்பட அடையாள அட்டையை முதலில் வாங்குங்கள். பயணத்துக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. அட்டை விஷயத்தில், தருமபுரி நிலையம் ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தை (நிர்வாகப் பிரிவை) சேர்ந்தது. சேலம் கோட்டம் என்று நினைத்து அலைய வேண்டாம்.

மாற்றுத்திறனாளி பெட்டி ரயிலின் கடைசியில் இருக்கும். எந்தப் பக்கக் கடைசி என்று ரயில் வருவதற்கு முன்பே நிலைய மேலாளரிடம் கேட்டு, அங்கே போய் நில்லுங்கள். ரயில் வந்தபிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட நேரம் இருக்காது.

கே: கிருஷ்ணகிரியில் ரயிலே இல்லையே, பஸ்ஸில்தானா?

பஸ்ஸும் மெட்ரோவும் சேர்த்து. ஓசூர்–பெங்களூரு சாலையில் பொம்மசந்திராவில் இறங்கினால், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ. ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி மெஜஸ்டிக். பக்கத்திலேயே பெங்களூரு நகர ரயில் நிலையம், அங்கிருந்து மைசூருக்கு நாளெல்லாம் ரயில். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பஸ் நிலையம் விட்டு பஸ் நிலையம் மாறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

காரில் போனால் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நைஸ் ரோடு (பெங்களூருவைச் சுற்றிப் போகும் சாலை) பிடித்து மைசூரு சாலை. அங்கே தொடங்கும் விரைவுச்சாலை ஊர்களையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு போகிறது. அதில் கழிப்பறை தேடினால் கிடைப்பது கஷ்டம். கெங்கேரியிலேயே முடித்துவிடுங்கள், அல்லது மத்தூரில் பழைய சாலைக்கு இறங்குங்கள். மத்தூர் வடையும் ஆச்சு.

கே: கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ் இலவசமாமே? (ஊத்தங்கரை)

அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். நம் ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துத்தான் கொடுப்பார்.

கே: ஆலயத்துக்குள் சக்கர நாற்காலி போகுமா? (ஓசூர்)

1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கட்டடம். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது, கோபுரம் இரண்டும் 175 அடி. அந்தக் காலத்தில் சாய்தளத்தை யார் நினைத்தார்கள்? வாசலில் படிகள். உள்ளே போய்விட்டால் தரை சமம். பீடம், வண்ணக் கண்ணாடி எல்லாம் நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாம். பிலோமினாவின் திருப்பண்டம் (புனிதரின் உடல் எச்சம்) உள்ள நிலவறைக்குத்தான் குறுகலான படிக்கட்டில் இறங்க வேண்டும். தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று துணியாதீர்கள். எதிரில் ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை.

வாசல் படிக்கு: முதலில் இடுப்புப் பட்டையைப் போடுங்கள். நாற்காலிக்குப் பின்னால், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் காலால் மிதித்து, கைப்பிடியைப் பின்னுக்குச் சாய்த்தால் முன் சிறு சக்கரங்கள் எழும். அவற்றைப் படிமேல் வைத்து, பெரிய சக்கரம் படியில் முட்டும்வரை நகர்த்தி, பிறகு ஒரே தள்ளு. முன்னால் ஒருவர் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொடுக்கலாம். கழன்று வரும் கைதாங்கியையோ காலடிப் பலகையையோ பிடிக்கக் கூடாது, கையோடு வந்துவிடும். இறங்கும்போது எப்போதும் பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில். கையோடு சாய்பலகை கொண்டுபோகிறவர்கள் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கை மறக்க வேண்டாம்: 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் பலகை. அதைவிடக் குட்டையானால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது பிடி நழுவும்.

ஆட்டோவில் ஏறும்போது காலடிப் பலகைகளைக் கழற்றிவிடுங்கள். ஆளை முதலில் சீட்டில் உட்காரவைத்து, அப்புறம் காலைத் தூக்கி உள்ளே வையுங்கள். பிறகு நாற்காலியை மடக்குங்கள்.

கே: அன்றே அரண்மனையும் பார்க்கலாமா?

ஞாயிறு மாலை என்றால் 7 மணிக்கு விளக்கலங்காரமும் கிடைக்கும், முக்கால் மணி நேரம். பார்வையாளர் வழி தெற்கே வராக வாயில். அரண்மனைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் வெளித்தரை காயும், ஒரு ஜோடி கனத்த சாக்ஸ் பையில் இருக்கட்டும். மிருகக்காட்சி சாலையில் பேட்டரி வண்டி ஓடுகிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை விடுமுறை.