ஆளுக்கொரு பேச்சு

வணக்கம் சார்,

ஒரு தொண்டு அமைப்பில் துண்டறிக்கை, சுவரொட்டி, குறும்படம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குக் கதை. முதியவர்களுக்கு மெதுவாக, சத்தமாக. படித்தவர்களுக்குப் புள்ளிவிவரம். படிக்காதவர்களுக்குப் படமும் குட்டி வாக்கியங்களும். எல்லாம் ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்றார் பயிற்சி தந்தவர். எந்த ஆராய்ச்சி என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு சந்தேகம். உண்மையிலேயே இதில் ஆராய்ச்சி நடந்திருக்கிறதா? அப்புறம், ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றுவது ஒருவகையில் இரட்டை வேடம் இல்லையா? டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை பற்றி நான் எழுதிய துண்டறிக்கை ஒன்றையும் இணைத்திருக்கிறேன். அட்டவணைப்படி குட்டி வாக்கியங்களில் எழுதியது. பார்த்துச் சொல்லுங்கள்.

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஆராய்ச்சி இருக்கிறது, நிறையவே. அது உங்கள் அட்டவணையைத்தான் சொல்லவில்லை.

இரட்டை வேடத்தை முதலில் பார்த்துவிடலாம். 1973-இல் ஷாட்ஸ், ஜெல்மன் என்ற இரு உளவியலாளர்கள் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னார்கள். பெரியவர்களிடம் நீளமாகப் பேசிய அதே குழந்தை, இரண்டு வயதுக் குழந்தையிடம் வாக்கியத்தைச் சுருக்கி, எளிமையாக்கிப் பேசியது. யாரும் சொல்லித்தரவில்லை. நியூசிலாந்தில் ஆலன் பெல் வானொலிச் செய்தி வாசிப்பவர்களை ஆராய்ந்து 1984-இல் எழுதினார். ஒரே ஆள், ஒரே வளாகம், கிட்டத்தட்ட அதே செய்திகள். ஆனால் எந்த நிலையத்துக்காக வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து ‘ட்’ என்ற ஒலியை உச்சரிக்கும் விதமே மாறியது. கேட்பவர் எதிரில்கூட இல்லை, மனத்தில்தான் இருந்தார். ஆக, பேச்சை மாற்றுவது வேடம் அல்ல. பேச்சு என்பதே அப்படித்தான் இருக்கிறது.

இருந்தாலும் உங்கள் உறுத்தலை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். 1978-இல் ஹிக்கின்ஸ், ரோல்ஸ் என்ற இருவர் செய்த சோதனையில், மாணவர்கள் ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு அவரை இன்னொருவருக்கு விவரித்து எழுத வேண்டும். படிப்பவருக்கு அந்த மனிதரைப் பிடிக்கும் என்று தெரிந்தால் நல்லவிதமாக எழுதினார்கள், பிடிக்காது என்றால் சற்றுக் குறைத்து எழுதினார்கள். இது எதிர்பார்த்ததுதான். பின்னர் மூலக் குறிப்பை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது அந்த நினைவும் அவர்கள் எழுதிய பக்கமே சாய்ந்திருந்தது. அடுத்தவருக்காக வளைத்தது தமக்கே உண்மையாகிவிட்டது. பல ஆண்டுகள் விளக்கக் கட்டுரைகள் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இது பழக்கமான ஆபத்து. எழுதி முடித்ததும் மூல ஆவணத்தை இன்னொரு தடவை படித்துவிடுவேன். சில சமயம் வெட்கமாக இருக்கும்.

சரி, அட்டவணைக்கு வருகிறேன்.

முதியவர்களுக்கு மெதுவாக, சத்தமாக என்கிறதே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. என் பெரியம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை மருத்துவமனையில் ஒரு பெண் அவரிடம் குனிந்து, குரலை உயர்த்தி, ‘பாட்டீ… சமத்தா… மாத்திரை… போட்டுக்கணும்… சரியா?’ என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். பெரியம்மா, ‘எத்தனை மில்லிகிராம்?’ என்று கேட்டார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார். வீடு வரும்வரை பெரியம்மா வாயே திறக்கவில்லை.

இந்தப் பேச்சைத் துண்டுதுண்டாகப் பிரித்துச் சோதித்திருக்கிறார்கள் கெம்பர், ஹார்டன் என்ற இருவர், 1999-இல். மெதுவாகப் பேசுவது, குரலின் சுருதியை ஏற்றுவது, வாக்கியத்தை வெறுமனே குட்டையாக்குவது, மூன்றாலும் முதியவர்களுக்குப் பலன் இல்லை. பலன் தந்தவை வேறு. ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தைச் செருகாமல் இருப்பது ஒன்று, சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது மற்றொன்று. விரித்துச் சொன்னால் பேச்சு நீளும்! அட்டவணை சொல்வதற்கு நேர் எதிர்.

படித்தவர், படிக்காதவர் என்ற பிரிவிலும் இதே சிக்கல். எதைப் படித்தவர்? மெக்நமாராவும் சகாக்களும் 1996-இல் இதய நோய் பற்றிய ஒரே பாடத்தைப் பல விதமாக எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் இது நடந்ததால் அது நடந்தது என்று ஒவ்வொரு கண்ணியும் கோக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் ஆங்காங்கே இடைவெளி. விஷயம் அதிகம் தெரியாதவர்களுக்கு முதல் வகை உதவியது. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்களோ, ஆழமாகப் புரிந்ததா என்று பார்க்கும் கேள்விகளில் இடைவெளி விட்ட பாடத்தைப் படித்துத்தான் நன்றாகச் செய்தார்கள். தாங்களே யோசித்து நிரப்ப வேண்டியிருந்தது அல்லவா, அதனால். இங்கே கணக்கில் வந்தது பட்டம் அல்ல, அந்த விஷயத்தில் முன்பே இருந்த அறிவு. பெரிய வழக்கறிஞர் இதய வால்வு விஷயத்தில் கைநாட்டாக இருக்கலாம்.

படிப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1945-இல் ஹோவ்லேண்ட் குழு அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, ஜப்பானுடனான போர் நீளும் என்று வாதிடும் வானொலி உரையை இரண்டு விதமாகக் கேட்க வைத்தது. ஒன்றில் ஒரு பக்க வாதம் மட்டும், மற்றதில் எதிர்த்தரப்பின் நியாயங்களும் சேர்த்து. மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் ஏற்கெனவே மாற்றுக் கருத்தில் இருந்தவர்களிடமும், பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடமும் இருபக்க உரை நன்றாக எடுபட்டது தெரிந்தது. படிப்பு ஒரு கேள்விதான். ஏற்கெனவே என்ன நினைக்கிறார் என்பதும் அதே அளவுக்கு முக்கியமான கேள்வி. உங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. தகவல் ஒரே திசையில் போகிறது என்று அந்த அட்டவணை எடுத்துக்கொள்கிறது. நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது, பக்குவமாகச் சொன்னால் போதும்!

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க மேகம் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளுக்கு மேல் வந்தபோது மழை பெய்து, அதிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் இறங்கியது. ஜூனில் அங்கே செம்மறி ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை விதித்தார்கள். மூன்று வாரம்தான் என்றார்கள். சீசியத்தை மண் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுபடி புல்லுக்கு ஏறாது என்பது கணக்கு. களிமண்ணுக்கு அந்தக் கணக்கு சரி. மலையில் இருந்தது தாவரங்கள் மக்கி உண்டான அமில மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் திரும்பத் திரும்ப வேர் வழியாகப் புல்லுக்கும், புல் வழியாக ஆட்டுக்கும் போனது. சில பண்ணைகளில் கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

சமூகவியலாளர் பிரையன் வின் அந்த விவசாயிகளிடம் பேசி எழுதியதில் ஒரு காட்சி எனக்கு மறப்பதில்லை. பெண்டோனைட் என்ற களிமண்ணை நிலத்தில் தூவினால் சீசியம் குறையுமா என்று பார்க்க, விஞ்ஞானிகள் வேலி போட்டு ஆடுகளை அடைத்து மேய விட்டார்கள். மலையில் திரிந்து மேயும் ஆட்டை அடைத்தால் அது உடல் நலிந்துவிடும், அளவெடுத்து என்ன பயன் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் அந்தச் சோதனை கைவிடப்பட்டது, விவசாயிகள் சொன்ன காரணத்துக்காகவே. தங்களிடம் ஒரு வார்த்தை கேட்காதவர்கள் அடுத்து என்ன சொன்னாலும் அவர்கள் நம்பவில்லை. படம் போட்டு விளக்கியிருந்தால் நம்பியிருப்பார்களா?

இனி உங்கள் துண்டறிக்கை. நீரிழிவு நோயாளிகளிடம் மருத்துவர்கள் பேசியதைப் பதிவு செய்து ஷிலிங்கரும் சகாக்களும் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன 124 விஷயங்களில், நோயாளிக்குப் புரிந்ததா என்று சரிபார்த்தது 15-ஐத்தான். அந்தப் பாவத்தை நான் செய்ய வேண்டாம் என்று உங்கள் தாளைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடமும், மேல்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியிடமும் கொடுத்தேன். படித்த பிறகு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லச் சொன்னேன்.

‘வெறும் வயிற்றில் போடவும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடவும். பால் கூடாது.’ இதுதான் நீங்கள் எழுதியது. அதிகாரி, ‘ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, அதானே?’ என்றார். பையன், ‘மருந்து முடியற வரைக்கும் பாலே குடிக்கக் கூடாதா?’ என்று கேட்டான்.

இருவருக்கும் வயதிலும் படிப்பிலும் அவ்வளவு தூரம், சறுக்கிய இடம் ஒன்றுதான். வாக்கியத்தை வெட்டும்போது ‘ஏன்’ என்பதையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள். பாலில் உள்ள கால்சியம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாது, சாப்பாடும் தடுக்கும், அதனால்தான் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை. இப்படி எழுதினால் இரண்டு வரி கூடும், கூடட்டும். அச்சுக்கு அனுப்பியிருந்தால் இன்றே போன் செய்து நிறுத்துங்கள். புது வரைவை எனக்கு அனுப்பும் முன் உங்கள் பக்கத்தில் யாராவது இருவரிடம் கொடுத்துத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். என் மேல்வீட்டுக்காரருக்கு இப்போது விடை தெரிந்துவிட்டது, அவர் இனி உதவ மாட்டார்.