பிள்ளையைப் பார்ப்பதும் பணம் தருவதும்: சேலத்துக் கேள்விகள்

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது, செலவுக்கு யார் எவ்வளவு தருவது என்று சேலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீலாகப் பதில் சொல்கிறேன். கேஸ் கட்டைப் பார்க்காமல் சொல்வதால் எல்லாம் பொதுவான பதில்கள்தான்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: அக்கா, கோர்ட் சொன்ன பணத்தை அவர் ஆறு மாசமாகத் தரவில்லை. ஞாயிறானால் பையனைப் பார்க்க மட்டும் வந்து நிற்கிறார். காசு கொடுத்துவிட்டுப் பாருங்கள் என்று கதவைச் சாத்தலாமா?

சாத்தாதீர்கள் அம்மா. கோபம் நியாயம்தான். ஆனால் அப்பாவைப் பார்ப்பது பையனுக்கான விஷயம், பணமும் பையனுக்கான விஷயம். ஒன்றுக்கு ஒன்று பிணை கிடையாது. நீங்கள் கதவைச் சாத்தினால், அடுத்த வாய்தாவில் அவருடைய வக்கீல் பேசப் போவது அதை மட்டும்தான். ஆறு மாத நிலுவை பின்னுக்குப் போய்விடும்.

பணத்துக்குத் தனி வழி இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்க உதவும் பிரிவு அது: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. அதன்படி வந்த உத்தரவு என்றால், நிலுவை சேர்ந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பழைய மாதங்களை இந்த வழியில் வசூலிக்க முடியாது. வாரண்ட் போட்டும் கட்டாவிட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது.

ஓமலூரிலிருந்து: மேடம், நான் மாதம் தவறாமல் பணம் போடுகிறேன். பொண்ணைப் பார்க்கப் போனால் காய்ச்சல், டியூஷன், ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறார்கள். பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்களா?

மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுப் படியுங்கள் தம்பி.

உங்கள் உத்தரவை எடுத்துப் பாருங்கள். "நியாயமான நேரங்களில் பார்க்கலாம்" என்று ஒரே வரி இருந்தால், சண்டை அங்கேதான் தொடங்குகிறது. எது நியாயமான நேரம் என்று இரண்டு வீட்டுக்கும் இரண்டு எண்ணம். மனுப் போட்டு அதைத் திருத்தி வாங்குங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது, யார் கொண்டு வந்து விடுவது, யார் திரும்ப அழைத்துப் போவது, பிள்ளைக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் அதற்கு ஈடாக எந்த நாள், எல்லாம் எழுத்தில் வரட்டும். கோடை விடுமுறையில் எத்தனை நாள், தீபாவளி ஒரு வருடம் இங்கே என்றால் பொங்கல் எங்கே, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு யார் கூட்டிப் போவது என்பது வரை எழுதலாம். அற்பமாகத் தெரியும். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் பண்டிகை நாளில்தான் வெடித்தன. வாரத்தில் இரண்டு நாள் வீடியோ அழைப்பு வேண்டும் என்றும் கேளுங்கள். நேரில் பார்க்க முடியாதபோது போனில் பேசும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020-லேயே வலியுறுத்தியிருக்கிறது.

தெளிவான உத்தரவு கையில் இருந்தும் பிள்ளையைக் காட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு, அதாவது அந்த உத்தரவை நடத்திக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் போடும் மனு. போய்த் திரும்பிய தேதிகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று வீடியோ எடுப்பது மட்டும் வேண்டாம், அதைப் பிள்ளையும் பார்க்கும்.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட்டில் வேலை. நாலு வயது மகள் அம்மாபேட்டையில் அவள் அம்மாவிடம் இருக்கிறாள். வாராவாரம் இரண்டு நாள் மேலே கூட்டி வந்து வைத்துக்கொள்ள முடியுமா?

இந்துக்களுக்கான 1956-ஆம் வருடக் காப்பாளர் சட்டம், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. மற்ற மதத்தவருக்கும் கடைசியில் கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலன்தான். ராத்திரி தங்குவதை எடுத்த எடுப்பில் கேட்டால் கிடைப்பது கஷ்டம். முதலில் சேலத்திலேயே பகல் நேரம் கேளுங்கள். குழந்தை உங்களிடம் ஒட்டிய பிறகு, பள்ளி விடுமுறையில் மலைக்கு. அந்த 20 கொண்டை ஊசி வளைவில் வாராவாரம் வாந்தி எடுக்கும் குழந்தை, அப்பா வீடு என்றாலே அழும். நீதிபதியும் இந்த ஊர்ச் சாலையை அறிந்தவர்தான்.

செவ்வாய்பேட்டையிலிருந்து: பிள்ளையின் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கோர்ட்டில் "கூலிக்குச் செய்கிறேன், வருமானமே இல்லை" என்கிறார்.

2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்களும்தான், மறைக்காதீர்கள். வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, வண்டிக் கடன், நகைச் சீட்டு என்று கேளுங்கள். வருமானம் இல்லாதவருக்கு எப்படிக் கடன் கொடுத்தார்கள் என்ற ஒரு கேள்வி பல சமயம் வேலை செய்யும். ஸ்கூல் பீஸ், வேன், மருந்து ரசீதுகளை மாதவாரியாகக் கட்டி வையுங்கள். தொகை பொதுவாக மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

சம்பளத்தில் கால் பங்கு கட்டாயம் என்று பலர் சொல்வார்கள். அது 2017-இல் ஒரு மனைவியின் ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு. பிள்ளைக்கு அப்படி நிரந்தர வாய்ப்பாடு எதுவும் இல்லை.

வாழப்பாடியிலிருந்து: பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு, "இனி பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்.

உங்கள் பங்கை நீங்கள் பேசி முடிக்கலாம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டாது. ஆனால் அப்படி ஒரு வரி இருந்தால் பின்னால் வருடக்கணக்கில் வாதாட வேண்டி வரும். பிள்ளைக்குத் தனித் தொகை, வருடா வருடம் ஏற்றம், கல்லூரிச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்று தனியாக எழுதுங்கள். மகன் என்றால் 18 வயதோடு 144-இன் கீழ் வரும் உத்தரவு பொதுவாக முடிந்துவிடும் என்பதால் கல்லூரி வரி ரொம்ப முக்கியம். இந்துக் குடும்பத்தில் மகள் என்றால், சொந்த வருமானம் இல்லாதவரை திருமணம் ஆகும்வரை கேட்க 1956-ஆம் வருட ஜீவனாம்சச் சட்டம் இடம் தருகிறது.

எடப்பாடியிலிருந்து: பன்னிரண்டு வயதுப் பையன். யாரிடம் இருக்க ஆசை என்று அவனைக் கேட்பார்களா?

பெரும்பாலும் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசுவார். அவன் சொல்வதற்கு மதிப்பு உண்டு, அதுவே முடிவு ஆகாது. சொல்லிக்கொடுத்து அனுப்பினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தாரமங்கலத்திலிருந்து: வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை அக்கா.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, பழைய உத்தரவு இருந்தால் அதன் நகல், இவற்றை எடுத்துப் போனால் முதல் நாளே மனு எழுத ஆரம்பிக்கலாம்.