கண்ணை மூடினால் மகனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம், வகுப்பில் சேர்க்கலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினான்கு வயது, தரம் 9. ஒரு நாள் பாடசாலையில் ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் கண்ணை மூடச் சொல்லி, "கடற்கரையை மனக்கண்ணில் பாருங்கள்" என்றாராம். பிள்ளை வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒண்டும் தெரியேல்ல அம்மா, கறுப்பாத்தான் கிடந்தது. மற்றப் பிள்ளையள் எல்லாம் கண்டவையாம்" என்று சொல்லியிருக்கிறான். போதாததற்கு, படிக்கும்போது கவனம் இல்லை என்று ரியூசனிலும் முறைப்பாடு. இந்த நேரம் பார்த்து, தெரிந்த ஒருவர் 'நடுமூளை விழிப்பு' வகுப்பு ஒன்றின் துண்டுப்பிரசுரத்தோடு வந்திருக்கிறார். மூன்று மாதத்தில் மனக்காட்சி, ஞாபகசக்தி, கவனம் மூன்றும் வந்துவிடுமாம். கட்டணம் 38,000 ரூபாய். இவர் 5,000 முற்பணம் கட்டிவிட்டார். "என்ட பிள்ளையின்ர மூளையில குறையா? மிச்சக் காசையும் கட்டட்டா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, குறை இல்லை. கட்ட வேண்டாம். இனி ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கறுப்பு. கண்ணை மூடினால் எல்லோருக்கும் கறுப்புத்தான். "கண்டேன்" என்று சொன்ன பிள்ளைகளும் இமைக்குப் பின்னால் சினிமா பார்க்கவில்லை. சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளை "தெரியவில்லை" என்பான், தாராளமாக எடுத்துக்கொள்கிற பிள்ளை "தெரிகிறது" என்பான். அதனால் இதைக் கேட்கிற முறையில் கவனம் வேண்டும். 1880 இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் கேட்ட முறை இன்றைக்கும் நல்ல முறைதான். இன்று காலையில் உட்கார்ந்த சாப்பாட்டு மேசையை நினைத்துப் பாருங்கள் என்றார். வெளிச்சம் எப்படி, பொருள்களின் விளிம்பு தெளிவா, நிறம் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டார். அவர் முதலில் கேட்டவர்களில் பலர் விஞ்ஞானிகள். 'மனக்கண்' என்பது வெறும் பேச்சு வழக்கு என்றுதான் அவர்கள் அதுவரை நினைத்திருந்தார்கள். ஒன்றுமே தெரியாதவர்கள் அன்றைக்கே இருந்தார்கள், நாலு பேர் மதிக்கிற வேலையிலும் இருந்தார்கள்.

நீங்களும் இன்று இரவு மகனிடம் கேட்டுப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருப்பான்தானே. கிணறு எத்தனை, என்ன வடிவம், அவற்றின் சுவர் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். 'ஏழு, சதுரம்' என்று தொடங்கி அவன் பாட்டுக்குச் சொல்லுவான். படம் வந்ததா என்பது பிறகு. தகவல் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதை முதலில் நீங்கள் காண வேண்டும்.

படம் வராமல் எப்படிச் சொல்கிறான்? உளவியலாளர்கள் இதில் பல வருடம் சண்டை பிடித்திருக்கிறார்கள். 1971 இல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற இருவர், சிறு கட்டைகளை அடுக்கிய மாதிரி இரண்டு உருவங்களைக் காட்டி, திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார்கள். உருவம் எவ்வளவு பாகை திரும்பியிருந்ததோ, பதில் சொல்ல அவ்வளவு நேரம் கூடியது. ஏறக்குறைய செக்கனுக்கு 60 பாகை. கையில் பிடித்துத் திருப்புவது போலவே மனதிலும் திருப்புகிறார்கள் என்றார்கள். பின்னர் கோஸ்லின் ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தை மனப்பாடம் செய்யவைத்து, குடிசையிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து ஏரிக்கு என்று மனதில் போகச் சொன்னார். தூரம் கூடக் கூட நேரமும் கூடியது. பைலிஷின் என்பவர் மட்டும், அது படமே இல்லை, அறிவை வைத்துத்தான் அப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கடைசிவரை வாதாடினார்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது இன்னொருவரின் கதை. ஸ்கொட்லாந்தில் ஓய்வுபெற்ற கட்டட அளவையாளர் ஒருவர். ஆய்வில் அவருக்கு எம்.எக்ஸ். என்று பெயர். இதய இரத்தக்குழாய்ச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய மனக்காட்சி முழுக்கப் போய்விட்டது. ஆடம் சீமன் என்ற நரம்பியல் வைத்தியரும் கூட்டாளிகளும் அவரைச் சோதித்து 2010 இல் எழுதினார்கள். அவருக்கும் இந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனையைக் கொடுத்தார்கள். விடைகள் சரி. ஆனால் மற்றவர்களுக்குப் போல, பாகைக்கு ஏற்ப நேரம் கூடவில்லை. அவர் வேறு வழியால் அதே ஊருக்குப் போயிருக்கிறார். கண்டியால் போகிறவனும் குருநாகலால் போகிறவனும் கொழும்பில் இறங்குகிற மாதிரி.

அவரைப் பற்றி வாசித்துவிட்டு, "எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். 2015 இல் சீமன் இதற்கு அபான்டேசியா என்று பெயர் வைத்தார். நூறில் ஒருவர் அளவில் இப்படி இருக்கிறார்கள், மிகவும் மங்கலாகத் தெரிகிறவர்களையும் சேர்த்தால் நூறில் நான்கு பேர் வரை வரும். பிக்சார் கார்ட்டூன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கட்மல், தனக்கு மனக்காட்சி கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். உலகமே பார்த்த படங்களை உருவாக்கிய மனிதர். இதை மகனிடம் சொல்லுங்கள்.

பிள்ளை பொய் சொல்கிறான், சாட்டுச் சொல்கிறான் என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. சிட்னியில் ஜோயல் பியர்சன் குழுவினர் 2022 இல் கண்மணியை அளந்தார்கள். வெளிச்சமான உருவத்தை நினைக்கும்போது, சாதாரணமானவர்களுக்குக் கண்மணி உண்மையான வெளிச்சத்தைக் கண்டதுபோலச் சுருங்கியது. அபான்டேசியா உள்ளவர்களுக்கு, நினைக்கும்போது அப்படிச் சுருங்கவில்லை. உண்மையான வெளிச்சத்துக்குச் சுருங்கியது. கண்மணியைச் சாதாரணமாக யாரும் வேண்டுமென்று சுருக்க முடியாது.

சரி, இப்போது அந்த வகுப்பு. இதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

நடுமூளை என்று உண்மையிலேயே ஓர் உறுப்புப் பகுதி உண்டு. மூளைத்தண்டின் மேல்பகுதி. கண் அசைவு, சத்தம் வந்த திசைக்குத் திரும்புவது, இப்படிப்பட்ட வேலைகளில் அதற்குப் பங்கு உண்டு. உங்கள் மகனுக்கு அது பிறந்ததிலிருந்தே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது 'தூங்கினால்' பிள்ளை வகுப்புக்கு நடந்து போக மாட்டான், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பான்.

நடுமூளை விழித்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே வாசிக்கலாம் என்று இவர்கள் மேடையில் காட்டுகிற வித்தையை நானும் ஒரு மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளை, கண்ணில் கறுப்புத் துணி. புத்தகத்தை வாசிக்கிறாள், நிறம் சொல்கிறாள். பெற்றோர் கைதட்டுகிறார்கள். நான் அவளுடைய முகவாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தொடங்கும்போதெல்லாம் முகவாய் மெல்ல மேலே போனது, புத்தகம் நெஞ்சுக்குக் கீழே வந்தது. மூக்கின் இரண்டு பக்கத்திலும் துணிக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். அதுதான் முழு விஞ்ஞானமும். புத்தகத்தை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடியுங்கள் என்று எழுந்து கேட்டேன். "பிள்ளை களைத்துவிட்டாள்" என்று நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமே இல்லை. கள்ளமாகப் பார்க்கவும், பார்க்கவில்லை என்று சொல்லவும் பெரியவர்கள் பழக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெற்றோர் காசும் கட்டியிருக்கிறார்கள். இந்தியாவிலும் இந்த வியாபாரம் பரவியபோது, மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் ஊர் ஊராக இதைத்தான் அம்பலப்படுத்தினார்.

இவர்கள் நேரே வர மாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, பக்கத்து வீட்டு ரியூசன் சேர், கோயிலில் சந்திக்கிற யாரோ, இப்படித்தான் ஆள் வரும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொமிஷன் இருக்கும். "இண்டைக்குக் கட்டினால் பாதி விலை" என்று அவசரப்படுத்துவார். கைரேகை எடுத்து, 'உங்கள் பிள்ளை பார்த்துப் படிக்கிற வகை' என்று நிறப் படங்கள் போட்ட அறிக்கை தருகிறவர்களும் இதே கூட்டம்தான். கைரேகை கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகிற தோல் மடிப்பு. அதற்கும் கேத்திரகணிதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பார்த்துப் படிக்கிறவன், கேட்டுப் படிக்கிறவன் என்று பிரித்துக் கற்பித்தால் நன்மை உண்டா என்று பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளரும் 2008 இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தார்கள். ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். ஆனால் நம்முடைய ஆசிரியர் பயிற்சிகளில் இன்றைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு வியாபாரியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்தது கவனம். கவனம் ஒரு தொட்டியில் இருக்கிற தண்ணீர் மாதிரி, இவனுக்குக் குறைவு, நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். கவனம் என்றால் ஒன்றை எடுத்து மற்றதை விடுவது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி, மேளம், கடைக்காரரின் கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் நீங்கள் மச்சாளோடு கதைக்கிறீர்கள்தானே? அதைத்தான் 1953 இல் கொலின் செர்ரி ஆராய்ந்தார். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் இன்னொன்று. ஒன்றை மட்டும் கூடவே திருப்பிச் சொல்ல வேண்டும். மறு காதில் வந்த பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதைக்கூடக் கேட்டவர்கள் கவனிக்கவில்லை. ஆனால் 1959 இல் மோரே செய்த சோதனையில், மறு காதில் தங்கள் பெயர் வந்தபோது மூன்றில் ஒருவர் அளவில் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தில் 1942 ஏப்ரல் 9 இல் குண்டு விழுந்த அதே இரண்டாம் உலக யுத்தத்தில், பிரித்தானிய விமானப்படையின் ராடார்காரர்கள் நேரம் போகப் போகத் திரையில் வந்த புள்ளிகளைத் தவறவிட்டார்கள். மக்வர்த் என்பவர் ஒரு கடிகார முள்ளை வைத்து இரண்டு மணித்தியாலம் சோதித்தார். முள் இடைக்கிடை ஒரு தரம் இரட்டைப் பாய்ச்சல் பாயும், அதைக் கண்டதும் சொல்ல வேண்டும். முதல் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தவறுகள் கூடின. பயிற்சி பெற்ற, வளர்ந்த ஆட்கள். நாமோ பாடசாலை விட்டு வந்த பிள்ளையை, தகரக் கூரைக்குக் கீழே, அறுபது எழுபது பேரோடு, மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டு "கவனமில்லை" என்று முறைப்பாடு எழுதுகிறோம். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு ஏழு வயதிலேயே தொடங்கிவிடுகிற ஓட்டம் இது. பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் ஒருவர் இருந்தாலும், யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு அவரைத்தான் அனுப்புகிறார்கள். பிள்ளை யாரிடம் போய்க் கதைப்பான்?

வீட்டில் ரிவி எங்கே, மேசை எங்கே என்று ஒருக்கால் பாருங்கள். 1968 இல் புரூக்ஸ் என்பவர், மனதில் ஓர் எழுத்தை நினைத்து அதன் மூலைகளைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மூலையும் உச்சியிலோ அடியிலோ இருக்கிறதா என்று ஆம், இல்லை சொல்லச் சொன்னார். விடையை வாயால் சொன்னபோது சுலபமாக இருந்தது. தாளில் பார்த்துத் தொட்டுக் காட்டச் சொன்னபோது மிகவும் தாமதமானது. உள்ளே பார்ப்பதற்கும் வெளியே பார்ப்பதற்கும் இடம் ஒன்றுதான். ரிவி ஓடும்போது கேத்திரகணிதம் செய்யச் சொல்வதும் இப்படித்தான். போனை அடுத்த அறையில் வையுங்கள். கணக்கு உருவங்களை மனதில் திருப்பச் சொல்லாமல் கடதாசியில் வெட்டி, கையால் திருப்பவிடுங்கள். பாடம் வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட இப்படி எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு கிழமைக்குப் பிறகு அதிகம் நினைவிருந்தது. இதை ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006 இல் காட்டினார்கள். இதற்குப் படமும் தேவையில்லை, 38,000 ரூபாயும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "கவனமில்லை" என்று சொல்கிறார்களே, அது எப்படிப்பட்டது என்று நீங்களே இருந்து பாருங்கள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பத்துப் பதினைந்து செக்கன் அப்படியே உறைந்துபோகிறானா? கண் ஒரே இடத்தில் நிலைத்து, இமை படபடக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், தோளில் தட்டினாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறானா? பராக்குப் பார்க்கிற பிள்ளை தட்டினால் திரும்புவான். இது அப்படியில்லை. இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். விழுவதும் இல்லை, நுரை தள்ளுவதும் இல்லை, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நாளில் பல தடவை வரலாம். இப்படிப்பட்ட பிள்ளையைக் கனவு காணுறான் என்று அடித்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஒரு தரம் கண்டாலும் போனில் வீடியோ எடுத்து, நேரே மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் காசும் இல்லை. வீடியோவை மறக்க வேண்டாம், வைத்தியருக்கு முன்னால் அது வராமல் போகலாம். தண்ணீர், குளம், கடல் பக்கம் அதுவரை தனியே விட வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், கண்ணையும் காதையும் ஒரு தரம் சோதித்துவிட்டு, இரவு நித்திரை போதுமா என்று பாருங்கள்.

முற்பணம் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். துண்டுப்பிரசுரத்தையும் பற்றுச்சீட்டையும் எறிய வேண்டாம், அந்த இடைத்தரகரோடு வாட்ஸ்அப்பில் கதைத்ததையும் அழிக்க வேண்டாம். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். பற்றுச்சீட்டே தரவில்லையென்றால், காசு கொடுத்த திகதியையும் பக்கத்தில் நின்றவரின் பெயரையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.