கால் போத்தலும் 10 கிராமும்: போதைப் பழக்க உளவியல் படிப்போருக்குச் சில பதில்கள்

போதைப் பழக்கத்தின் உளவியலில் முதுமாணி முடித்துவிட்டுக் கொழும்பில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். வெள்ளவத்தை மாணவர்கள் சிலரும் ஒரு தாயும் எழுதிக் கேட்டவற்றுக்குப் பதில் இது.

கேள்வி: அக்கா, இந்த முதுமாணியை லண்டனில் செய்தால் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடலாமா?

ஆக முடியாது, தங்கச்சி. பிரித்தானியாவில் அதற்கு மூன்று வருடக் கலாநிதிப் பட்டம் தனியாக வேண்டும். ஒரு வருட முதுமாணி அறிவைத் தரும், அந்தப் பெயரைத் தராது. கட்டணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: புள்ளிவிபரவியல் நிறைய வருமா?

வரும். தப்ப வழியில்லை.

கேள்வி: படித்ததில் உங்களை உலுக்கியது எது?

அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸின் ஆய்வு. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கப் படையினரை அவர்கள் ஊர் திரும்பிய பின்னர், 1970களில் ராபின்ஸ் தேடிப் பார்த்தார். பெரும்பாலானோர் பழக்கத்துக்குத் திரும்பவே இல்லை. போதை தொடங்கிய இடத்தை விட்டு அவர்கள் வந்துவிட்டார்கள். நம் பையன்களுக்கு நடப்பது நேர்மாறு: சிகிச்சை நிலையத்தில் மாதக்கணக்கில் சுத்தமாக இருந்துவிட்டு, பழகிய அதே ஒழுங்கைக்கு, அதே நண்பர்களிடம் வந்து இறங்குகிறார்கள். பிறகு மனவுறுதி இல்லை என்று அவர்களையே ஏசுகிறோம்.

கேள்வி: எல்லாம் ஆங்கிலத்தில்தானே? தமிழ் எதற்கு உதவும், அக்கா?

ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அறிய உதவும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாக்கொத்தில் 10 கேள்விகள். குடிக்கும் நாளில் எத்தனை ‘அளவு’ குடிக்கிறீர்கள் என்பது அதில் இரண்டாவது. ஓர் அளவு என்றால் 10 கிராம் தூய மதுசாரம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஐயாவிடம் இதை அப்படியே கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பிள்ளை, நான் கால் போத்தலோடு நிறுத்திக்கொள்வேன்” என்றார். கால் போத்தல் என்றால் 180 மில்லிலீற்றர் சாராயம்; அதில் மதுசாரம் 33 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 47 கிராம், அதாவது ஐந்து அளவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது கேள்வியோ ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை என்பது. கலியாண வீட்டில் அவர் இன்னொரு கிளாஸ் ஊற்றினால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். அவருக்கோ கால் போத்தல் என்பது கட்டுப்பாட்டின் அடையாளம். இந்தக் கணக்கை எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேள்வி: நான் படிக்கக் கேட்கவில்லை, பிள்ளை. என் மகன் ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) போதைப்பொருள் எடுக்கிறான். எங்கே போவது?

அம்மா, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கமவில் சிகிச்சை நிலையம் இருக்கிறது. கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் போதைப் பழக்க உதவி நிலையமான மெல் மெதுரவும் உண்டு. அவன் வர மாட்டேன் என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள்.