உங்கள் அட்டவணையில் ஒருவர் தனக்கே தம்பி ஆவது ஏன்?

கேள்வி: எம்.சி.ஏ. படிக்கிறேன். எங்கள் குடும்ப வம்சாவளியை ஒரு சின்னத் தரவுத்தளமாகச் செய்து பார்க்கிறேன். பெற்றோர், பிள்ளை என்று இரண்டே நெடுவரிசை. உடன்பிறந்தவர்கள் யார் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் அவரே உடன்பிறந்தவராக வந்து நிற்கிறார். மற்றவர்கள் இரண்டிரண்டு தடவை வருகிறார்கள். இதற்கு அடிப்படையான உறவு இயற்கணிதம் 1970-இல் காட் என்பவர் கண்டது என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் தர்க்க வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் அதே பெயரோடு 19-ஆம் நூற்றாண்டு ஆட்கள் வருகிறார்கள். இரண்டும் ஒன்றா? பழையதைப் படிப்பதால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: முதலில் உங்கள் பிழையைப் பார்த்துவிடுவோம். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

'பெற்றோர்' என்ற உறவைத் திருப்பிப் போட்டால் 'பிள்ளை'. நீங்கள் பிள்ளை உறவையும் பெற்றோர் உறவையும் அடுத்தடுத்துக் கோர்த்திருக்கிறீர்கள். நான் யாருக்குப் பிள்ளையோ, அவர் யாருக்கெல்லாம் பெற்றோர்? என் அண்ணனுக்கு, என் தங்கைக்கு, எனக்கும்தான். கணினி தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கோர்த்து வந்ததிலிருந்து 'அவரேதான் இவர்' என்னும் சமனி உறவைக் கழிக்க வேண்டும். இரண்டு பிள்ளை எண்களும் சமமாக இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் சரி. இரட்டிப்பு வேறு கதை. அம்மா வழியாக ஒரு தடவை, அப்பா வழியாக ஒரு தடவை. இயற்கணிதத்தில் ஒரு ஜோடி உண்டு, அல்லது இல்லை. இரண்டு தடவை உண்டு என்ற பேச்சே கிடையாது. தரவுத்தளத்தில் வினவ நாம் எழுதும் மொழியான எஸ்க்யூஎல் அப்படியல்ல. இரட்டிப்பை நீக்கும் டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைப் போடாவிட்டால் கிடைத்ததையெல்லாம் அடுக்கிவிடும்.

கோர்க்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் பெற்றோர், பிறகு பிள்ளை. இப்போது வருபவர்கள் ஒரே பிள்ளையைப் பெற்ற இருவர், அதாவது உங்கள் அம்மாவும் அப்பாவும் (மறுபடியும் தன்னோடு தானும்). தாயின் அண்ணன் மாமா, அண்ணனின் தாய் அம்மா. வரிசை மாறினால் ஆளே மாறிவிடும்.

திருப்புதல், கோர்த்தல், மறுத்தல் ஆகிய இவற்றை வைத்து உறவுகளையே எண்களைப் போலக் கணக்குப் பண்ணலாம் என்று 1860-இல் ஒரு கட்டுரையில் காட்டியவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார், ஆகவே மதுரைக்கு இதில் பெருமை கொஞ்சம்தான். அரிஸ்டாட்டில் வழி வந்த தர்க்கத்தில் அவருக்கு ஒரு குறை இருந்தது. 'குதிரை ஒரு விலங்கு. ஆகவே குதிரையின் தலை ஒரு விலங்கின் தலை.' இதை யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதைப் பெறும் பழைய முக்கூற்று முறையால் இதை நிறுவ முடியாது. '-இன் தலை' என்பது பண்பு அல்ல, உறவு. 1847-இல் வந்த ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதமும் வகுப்புகளோடு, அதாவது பொருள்களின் தொகுப்புகளோடு, நின்றுவிட்டது.

டி மார்கன் தேற்றம் கே என்று பெயரிட்ட ஒரு விதியை உங்கள் அட்டவணையிலேயே சோதிக்கலாம். பெற்றோரின் பெற்றோர் தாத்தா அல்லது பாட்டி. சரி, இப்போது ஒருவர் எனக்குத் தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் அவருடைய பிள்ளைகள் யாரும் எனக்குப் பெற்றோராக இருக்க முடியாது. ஓர் உறவைத் திருப்பி, மற்ற இரண்டையும் மறுத்து, விடையாக வந்ததைக் கருதுகோளின் இடத்தில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். தவறான பதிவுகளைப் பிடிக்க இந்த ஒரு விதியே நல்ல சல்லடை.

அடுத்து வருபவர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் என்ற அமெரிக்கர். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள். 1870-இல் அவர் எழுதிய கட்டுரையில் 'ஒரு வேலைக்காரரின் காதலர்' என்பது பெருக்கல். 'எல்லா வேலைக்காரர்களின் காதலர்' என்பது அடுக்கு, அதாவது வேலைக்காரரைக் குறிக்கும் எழுத்து காதலரைக் குறிக்கும் எழுத்தின் தலைமேல் ஏறிவிடும். விளையாட்டாகத் தோன்றும். ஆனால் தேர்வில் 'எல்லாப் பாடங்களையும் எடுத்த மாணவர் யார்' என்று கேட்டு உங்களைப் படுத்தும் வகுத்தல் செயலி இருக்கிறதே, அதன் உள்ளே இருப்பது இந்த 'எல்லா'தான். பர்ஸ் வழியைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஷ்ரோடர் 1895-இல் ஒரு தடித்த தொகுதி எழுதினார். அதை நீங்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

பிறகு ஒரு நீண்ட மௌனம். மாறிகளையும் 'எல்லா', 'சில' போன்ற அளவையடைகளையும் வைத்து எழுதும் தர்க்கம் மேலோங்கிவிட்டது. (வேடிக்கை என்னவென்றால், அதைக் கட்டியவர்களில் பர்ஸும் ஒருவர்.) 1941-இல் ஆல்ஃபிரட் டார்ஸ்கி என்ற தர்க்கவியலாளர் இந்தப் பழைய கணிதத்தை எடுத்துத் தூசி தட்டி, சில அடிகோள்களில், அதாவது நிரூபணம் கேட்காமல் ஏற்கும் அடிப்படை விதிகளில், அடக்கினார். அதன் எல்லை 1915-லேயே தெரிந்திருந்தது: 'குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் உள்ளன' என்பதை இருவர் உறவுகளின் சமன்பாடாக எழுத முடியாது. கோர்த்தலில் ஒரு நேரத்தில் முதல் ஆள், கடைசி ஆள், நடுவில் ஒருவர் என மூன்று பேரைத்தான் கையில் பிடிக்க முடியும்; நாலாவது ஆளுக்கு இடமில்லை.

இப்போது உங்கள் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல; ஒரே குடும்பம். எட்கர் காட் 1970-இல் ஐபிஎம்-இல் இருந்தபோது எழுதிய கட்டுரையில் கோர்த்தலும் இருக்கிறது, ஆனால் அவருடைய உறவுக்கு இரண்டு நெடுவரிசை என்ற கட்டுப்பாடு இல்லை. எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் அந்த நாலாவது ஆள் அங்கே சுலபமாக உட்கார்ந்துவிடுவார். மறுத்தலுக்குப் பதிலாகக் கழித்தலை வைத்ததும் நடைமுறை காரணமாகத்தான்: 'எனக்குப் பெற்றோர் அல்லாதவர்' என்று கேட்டால் ஊரையே அச்சடிக்க வேண்டியிருக்கும்.

பயன் உண்டா? இரண்டு நெடுவரிசை அட்டவணைகளோடு மல்லுக்கட்டுபவருக்கு நிச்சயம் உண்டு. டார்ஸ்கியின் 1941 கட்டுரையின் முதல் பாதி போதும். படித்த பிறகு வினவல் எழுதும் முன் தாளில் 'எதைத் திருப்ப வேண்டும், எந்த வரிசையில் கோர்க்க வேண்டும், சமனியைக் கழிக்க வேண்டுமா' என்று ஒரு வரி எழுதும் பழக்கம் வந்துவிடும்.

அடுத்து நீங்கள் 'முன்னோர்' கேட்கப் போகிறீர்கள், அது எனக்குத் தெரியும். பெற்றோர், அவர் பெற்றோர், அவர் பெற்றோர் என்று எத்தனை தடவை கோர்ப்பது? எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாது. காட்டின் இயற்கணிதத்தால் இது முடியாது என்று கணினி அறிவியலாளர்கள் ஏஹோவும் உல்மனும் 1979-இல் நிறுவினார்கள். எஸ்க்யூஎல்-க்கு அந்த வசதி 1999 தரத்தில்தான் வந்தது. அந்த வசதியான வித் ரிகர்சிவ் எழுதும்போது, உங்கள் மென்பொருள் அனுமதித்தால், யூனியன் ஆல் வேண்டாம், வெறும் யூனியன் போடுங்கள். யாரோ தூக்கக் கலக்கத்தில் பேரனைப் பாட்டிக்குப் பெற்றோராகப் பதிந்திருந்தால், முன்னது நிற்காமல் சுற்றும். பின்னது வந்த ஜோடியே திரும்ப வருவதைக் கண்டு நின்றுவிடும். கூடவே தலைமுறை எண்ணையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தீர்கள் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை புதிதாகத் தெரியும், அதுவும் நிற்காது.