பக்கவாதம் வந்து பேச்சு போன அப்பாவிடம் சிகிச்சை பற்றிக் கேட்க முடியுமா, பிள்ளைகளே முடிவெடுத்துவிடலாமா?

கேட்க முடியும். மூன்று வாரம் கேட்காமல் இருந்தவன் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் எங்களிடம் பேசுவார், நாங்கள் டாக்டரிடம் பேசுவோம், நடுவில் அப்பா படுத்திருப்பார். மூக்குக் குழாயை இரண்டு முறை பிடுங்கினார் என்று இடது கையைக் கட்டிலோடு கட்டினார்கள். "கட்டிருங்க சிஸ்டர்" என்று சொன்னதே நான்தான்.

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இதற்கு அஃபேசியா என்று பெயர். பேச்சு வரவில்லை என்றால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் சிலருக்கு நாம் பேசுவதும் சரியாகப் புரியாது, அதனால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். அப்பா எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார். நாங்களும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம்! தெரபிஸ்ட், "உங்க பேர் முருகேசனா?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்டார். அப்பாவின் வாய் "ஆமா" என்றது, தலை இல்லை என்று ஆடியது. இன்னும் நாலைந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். தலைதான் சரி.

டிவியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். நோட்டில் இரண்டே சொல் பெரிதாக எழுதித் தொடச் சொல்லுங்கள். இடது பக்க அடைப்பில் வலது பக்கப் பார்வையும் போயிருக்கலாம், நோட்டை இடது பக்கமாகப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சொற்களை இடம் மாற்றி எழுதி மறுபடி கேளுங்கள்.

விழுங்கினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது, அதற்குத்தான் குழாய் என்று டாக்டர் படம் போட்டு அப்பாவுக்கே காட்டினார். அதற்கப்புறமும் ஒரு தடவை பிடுங்கினார். ஆனால் கையைக் கட்டவில்லை.

முதல் நாள் கதை வேறு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அங்கே யோசிக்க நேரமில்லை. அன்று நீங்கள் எடுத்த முடிவை நினைத்து மருகாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அண்ணன் தன் ஃபிளாட்டில் கட்டில்வரை தயார் செய்திருந்தான். நோட்டில் 'சென்னை', 'ஊர்' என்று எழுதினோம். அப்பா விரலை 'ஊர்' மேல் வைத்தார், எடுக்கவே இல்லை. இப்போது பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் பக்கத்து டவுனிலிருந்து பைக்கில் வருகிறார். அண்ணனுக்கு இன்னும் கோபம்தான்.